வெந்நீர் ஊற்றுக்குப் பட்டா! 'நெட்டை ஜான்' வார்னரின் வாழ்க்கைக் கதை

பூமிக்குள் இருந்து வெந்நீர் வந்தது.

அடுப்பு இல்லை. விறகு இல்லை. இரவும் பகலும் ஆவி பறக்க வந்துகொண்டே இருந்தது. கையை வைத்தால் சுடும். 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு!

அந்த ஊற்றைச் சுற்றி ஒரு கிராமம் இருந்தது. கிராமத்தின் பெயர் கூப்பா. அங்கே இருந்தவர்களுக்கு அந்த வெந்நீர்தான் சொத்து, அதுதான் மருந்து, அதுதான் சாமி.

ஒரு நாள், வெளியூரில் இருந்து ஒருவர் வந்தார். ஊற்றைப் பார்த்தார். ஊற்றையும் அதைச் சுற்றி இருந்த 44 ஆயிரம் ஏக்கர் நிலத்தையும் தன் பெயருக்குப் பட்டா வாங்கினார்.

பிறகு என்ன நடந்தது? அவர் எப்படி வாழ்ந்தார்? அந்தக் கிராமம் என்ன ஆயிற்று? அதுதான் இந்தக் கதை. கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் நடந்த உண்மைக் கதை.

நோயாளி வாலிபர்

அவருடைய பெயர் ஜொனாதன் டிரம்புல் வார்னர். 1807-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி, அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கனெக்டிகட் மாகாணத்தில் பிறந்தார்.

வாலிபத்தில் அவருக்கு உடம்பு சரியில்லை. மேற்கே போய் நல்ல காற்றைச் சுவாசித்தால் குணமாகும் என்று நினைத்தார். 1830-ம் ஆண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டு, செயின்ட் லூயி நகரத்துக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதி பெரும் பாலைவனமும் காடும் மலையுமாக இருந்தது. ரெயில் கிடையாது. ரோடு கிடையாது. வணிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து, துப்பாக்கியுடன், கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஜெடிடையா ஸ்மித் என்ற பெயர் பெற்ற பயணி ஒருவர் இருந்தார். அவருடைய கூட்டத்தில் வார்னர் சேர்ந்துகொண்டார்.

வழியில் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீர் தேடிப் போன ஸ்மித் திரும்பி வரவே இல்லை. 1831 மே மாதத்தில் கொல்லப்பட்டார்.

தலைவர் இறந்துபோனார். வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பி இருப்பார்கள். வார்னர் திரும்பவில்லை. சாண்டா பே என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு கூட்டத்துடன் மேற்கே நடந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்சில் போய் நின்றார்.

நல்ல காற்றுக்காகப் புறப்பட்ட நோயாளி, ஒரு கண்டத்தையே கடந்துவிட்டார்!

பெயர் மாறியது

அப்போது கலிபோர்னியா அமெரிக்காவுக்குச் சொந்தம் அல்ல. மெக்சிகோ நாட்டின் பகுதியாக இருந்தது. அங்கே எல்லாரும் ஸ்பானிய மொழி பேசினார்கள்.

ஜொனாதன் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே அவருக்கு உவான் ஓசே என்று பெயர் வைத்தார்கள். அவர் உயரம் 6 அடி 3 அங்குலம். அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில் பனைமரம் போல நின்றார். அதனால் உவான் லார்கோ என்ற பட்டப்பெயரும் வந்தது. நம் பேச்சில் சொன்னால், நெட்டை ஜான்.

முதலில் வார்னர் காட்டில் பொறி வைத்து மிருகங்களைப் பிடித்து, தோல் விற்றார். பிறகு லாஸ் ஏஞ்சல்சில் கடை வைத்தார். 1837-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

மணப்பெண் அனிதா கேல். அவளுடைய தகப்பனார் ஒரு கப்பல் வணிகர். சின்னக் குழந்தையாக இருந்தபோதே மகளைக் கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்து, பிக்கோ குடும்பத்தில் விட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டு அம்மாள் அவளைத் தன் பெண்ணைப் போல வளர்த்தாள். அந்த அம்மாளின் மகன் பியோ பிக்கோ, பின்னால் கலிபோர்னியாவின் கவர்னர் ஆனார்.

வந்தேறிக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைத்துவிட்டது! நிலம் வாங்குவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

1840-ல் வார்னர் ஒரு முறை கிழக்கே போனார். பசிபிக் கடல் வரை ரெயில் பாதை போட வேண்டும் என்று அங்கே ஒரு கூட்டத்தில் பேசினார். அந்த ரெயில் வந்தது 1869-ல். அவர் அவ்வளவு முன்னால் யோசித்தவர்.

44,322 ஏக்கர்

1844-ம் ஆண்டு, மெக்சிகோ அரசின் கவர்னர் மிச்செல்தொரேனா, வார்னருக்கு ஒரு பள்ளத்தாக்கை அப்படியே எழுதிக் கொடுத்தார். மொத்தம் 44,322 ஏக்கர்.

இது எவ்வளவு பெரியது? 2011-க்கு முந்திய சென்னை மாநகராட்சியின் எல்லையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டையார்ப்பேட்டை முதல் அடையாறு வரை எல்லாம் சேர்த்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. ஒரே ஆளுக்கு!

நாலு பக்கமும் மலை. நடுவில் புல்வெளி. ஓடை. ஓக் மரங்கள். மாடு மேய்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கின் ஒரு மூலையில்தான் கூப்பா கிராமமும் வெந்நீர் ஊற்றும் இருந்தன.

ஊற்று எப்படிச் சூடாகிறது என்று சிலர் கேட்பார்கள். விஷயம் எளிது. அங்கே பூமியில் பெரிய பிளவு ஒன்று ஓடுகிறது. பூகம்பம் உண்டாக்கும் பிளவு. மழைத் தண்ணீர் மலையில் இறங்கி, வெகு ஆழத்துக்குப் போகிறது. ஆழம் போகப் போகப் பூமி சூடு. சூடேறிய தண்ணீர், பிளவு வழியாக மேலே ஏறி வந்துவிடுகிறது. இலங்கையில் திரிகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன அல்லவா? அவையும் இப்படி ஆழத்தில் இருந்து சூடேறி வருபவைதான்.

கூப்பா மக்களுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால் ஊற்றின் பயன் தெரியும். ஓக் மரத்தின் கொட்டையை இடித்து மாவாக்குவார்கள். அந்த மாவு கசக்கும். வெந்நீரில் ஊற வைத்து அலசினால் கசப்புப் போய்விடும். அதுதான் அவர்களுக்குச் சோறு. துணி துவைப்பதும் அங்கே. குளிப்பதும் அங்கே. மூட்டு வலிக்கு மருந்தும் அதுவே. கடும் குளிர் இரவில், சிலர் உடம்பை வெந்நீரிலும் தலையைக் கரையிலும் வைத்துத் தூங்குவார்களாம்! அந்தக் காலத்தில் அங்கே வந்த ராணுவ அதிகாரி ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

பழைய புத்தகங்கள் இவர்களைச் செவ்விந்தியர் என்று சொல்லும். இந்தியாவுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர்கள் அந்த மண்ணின் ஆதிக் குடிகள்.

பட்டா கொடுத்த கவர்னர், கிராமத்துக்காரர்களைக் கேட்டாரா? கேட்கவில்லை. ஆனால் மெக்சிகோவின் சட்டத்தில், ஏற்கெனவே குடி இருப்பவர்களை விரட்டுவது வழக்கம் அல்ல. பட்டா வார்னருக்கு, குடியிருப்பு கிராமத்துக்கு. இரண்டும் ஒன்றாக ஓடின.

வார்னரும் அவர்களை விரட்டவில்லை. அவருக்கு ஆள் வேண்டும். மாடு மேய்க்க, வேலி போட, தோல் உரிக்க, எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். கூலி எவ்வளவு தெரியுமா? மாதம் 3 டாலர். அதோடு சவுக்கடியும் உண்டு என்று எமரி என்ற ராணுவ என்ஜினீயர் எழுதி இருக்கிறார். நெட்டை ஜானுடைய வாழ்க்கையில் இது ஒரு கறை. மறைத்துப் பயன் இல்லை.

ஏழு பேர், ஒரு ஆடு!

1846-ல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் யுத்தம் மூண்டது.

தளபதி கியர்னி என்பவர் அமெரிக்கப் படையுடன் பாலைவனத்தைத் தாண்டி வந்தார். கூட வந்தவர்கள் சுமார் 100 சிப்பாய்கள். காலில் செருப்பு இல்லை. வயிற்றில் சோறு இல்லை. டிசம்பர் 2-ந் தேதி வார்னர் பண்ணையில் வந்து விழுந்தார்கள்.

சிப்பாய்களுக்கு ஆடு அடித்துப் போட்டார்கள். ஏழு பேர் உட்கார்ந்து, ஒரு முழு ஆட்டை ஒரே வேளையில் தின்று தீர்த்தார்கள். அத்தனை பசி!

வார்னர் அப்போது பண்ணையில் இல்லை. அமெரிக்கராகப் பிறந்து மெக்சிகோ நாட்டின் நிலத்தை அனுபவிப்பவர் அல்லவா? அவர் யார் பக்கம் என்று அமெரிக்கர்களுக்குச் சந்தேகம். சான் டியாகோ நகரில் அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பண்ணை கணக்குப்பிள்ளைதான் சிப்பாய்களுக்குச் சோறு போட்டார். நாலு நாள் கழித்து, டிசம்பர் 6-ந் தேதி, அதே சிப்பாய்கள் சான் பாஸ்குவால் என்ற இடத்தில் சண்டை போட்டார்கள். இருபது பேர் வரை அங்கே மாண்டார்கள்.

யுத்தம் முடிந்தது. 1848-ல் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்தது. அதே ஆண்டு அங்கே தங்கம் கிடைத்தது!

தங்கம் என்றால் கேட்க வேண்டுமா? ஆயிரக்கணக்கான ஆட்கள் கிழக்கில் இருந்து கிளம்பினார்கள். தெற்கு வழியாக வந்தவர்கள் பாலைவனத்தைத் தாண்டியதும் முதலில் பார்க்கும் பச்சைப் புல்லும் தண்ணீரும் வார்னர் பண்ணைதான். அவர் கடை திறந்தார். மாவு, இறைச்சி, குதிரை எல்லாம் விற்றார். பணம் கொட்டியது. சான் டியாகோ தொகுதிக்கு மேல்சபை உறுப்பினராகவும் ஆனார்.

அந்தோனியோ கார்ரா

இப்போது கதையில் இன்னொருவர் வருகிறார்.

அவர் அந்தோனியோ கார்ரா. கூப்பா கிராமத்தின் தலைவர். பாதிரியார்களின் மடத்தில் வளர்ந்து, எழுதப் படிக்கக் கற்றவர். ஸ்பானிய மொழி தெரியும். பக்கத்துக் கூட்டத்தார்களின் மொழிகளும் தெரியும்.

புதிய அரசு ஒரு வரி போட்டது. மாடு வைத்திருக்கும் பழங்குடி மக்கள் வரி கட்ட வேண்டும்! வசூலுக்கு வந்தவர் சான் டியாகோ ஷெரீப் ஹரஸ்தி. ஹங்கேரி நாட்டில் இருந்து வந்தவர். பின்னால் கலிபோர்னியாவில் திராட்சை மதுத் தொழிலில் பெரும் பெயர் எடுத்தார்.

கிராமத்துக்காரர்களுக்கு ஓட்டு கிடையாது. கோர்ட்டில் வெள்ளைக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்ல உரிமை கிடையாது. வரி மட்டும் உண்டா? கார்ரா கொதித்தார். பக்கத்துக் கூட்டத்தார்களுக்கு எல்லாம் ஆள் அனுப்பினார். எல்லாரும் சேர்ந்து எழுந்தால் வெள்ளைக்காரர்களை விரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு தவறியது. பலர் வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை.

1851 நவம்பரில் ஒரு நாள், விடியும் நேரம். வார்னருடைய வீட்டைக் கூட்டம் சூழ்ந்தது. ஆபத்து வரும் என்று அவருக்கு முன்பே தகவல் கிடைத்திருந்தது. மனைவி மக்களை வெளியே அனுப்பி வைத்திருந்தார். துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே குதிரையில் ஏறித் தப்பினார். வீடும் கடையும் சூறையாயின. மாடுகள் போயின. இருபது வருஷம் சேர்த்தது ஒரு காலைப் பொழுதில் போய்விட்டது.

வெந்நீர் ஊற்றில் நடந்தது அதைவிடக் கொடுமை. உடம்பு சரியில்லை என்று குளிக்க வந்து தங்கியிருந்த நாலு அமெரிக்கர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். நோயாளிகளைக் கொல்வதை யாராலும் நியாயப்படுத்த முடியாது.

ராணுவம் வந்தது. கூப்பா கிராமத்துக்குத் தீ வைத்தார்கள். பலரைப் பிடித்துச் சுட்டார்கள். கார்ராவை, பக்கத்துக் கூட்டத் தலைவர் ஒருவரே பிடித்துக் கொடுத்தார். சான் டியாகோவில் விசாரணை நடந்தது. 1852 ஜனவரி 10-ந் தேதி, வெட்டி வைத்த குழியின் ஓரத்தில் அவரை மண்டியிட வைத்துச் சுட்டுவிட்டார்கள்.

எரிந்தவர் எழுதிய அறிக்கை

வீட்டைப் பறிகொடுத்த வார்னர் என்ன செய்திருப்பார்? பழி வாங்கி இருப்பார் என்றுதான் நினைப்பீர்கள். அவர் செய்ததைக் கேளுங்கள்.

அந்தச் சமயம் அமெரிக்க அரசின் அதிகாரிகள் பழங்குடி மக்களோடு 18 உடன்படிக்கைகள் செய்திருந்தார்கள். குறிப்பிட்ட நிலங்கள் அவர்களுக்கே என்று ஒதுக்கும் உடன்படிக்கைகள். கலிபோர்னியா மேல்சபையில் பெரிய எதிர்ப்பு. நல்ல நிலத்தை எல்லாம் இவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கூச்சல். ஒரு கமிட்டி போட்டார்கள். அதில் பெரும்பாலோர் உடன்படிக்கைகள் கூடாது என்று எழுதினார்கள்.

ஒரே ஒருவர் மறுத்துத் தனி அறிக்கை எழுதினார். அவர் வார்னர்!

இவர்களை இங்கிருந்து துரத்தினால் வேறு எங்கே போவார்கள், இவ்வளவு பெரிய நாட்டில் இவர்களுக்கு இடம் இல்லையா என்று அவர் கேட்டார். 1852 பிப்ரவரி மாதம். அவர் வீடு எரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

சவுக்கால் அடித்த பண்ணைக்காரரும் இவர்தான். இந்த அறிக்கையை எழுதியவரும் இவர்தான். மனிதன் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

அறிக்கை எடுபடவில்லை. அமெரிக்க செனட் 18 உடன்படிக்கைகளையும் தள்ளிவிட்டது. அந்தக் காகிதங்களை ரகசியம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பெட்டி திறந்தது 1905-ல்.

இரண்டு வருஷக் கெடு

இந்தக் கதையில் துப்பாக்கியைவிட அதிகச் சேதம் செய்தது ஒரு சட்டம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1851 மார்ச் 3-ந் தேதி அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஸ்பெயின் காலத்திலும் மெக்சிகோ காலத்திலும் கிடைத்த நில உரிமை எதுவாக இருந்தாலும், நில கமிஷன் முன்பு மனுப் போட வேண்டும். இரண்டு வருஷம் கெடு. அதற்குள் மனு வரவில்லை என்றால் நிலம் அரசாங்கத்துக்குச் சேரும்.

கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். தாத்தா உழுத நிலம், அப்பா உழுத நிலம் என்றால் போதாது. பட்டா யார் பேரில் இருக்கிறது, சிட்டா என்ன சொல்கிறது, மனுவை எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்றுதான் தாலுகா ஆபீசில் கேட்பார்கள். சிப்காட் வந்த பிறகு அங்கே இது இன்னும் நன்றாகத் தெரியும்.

வார்னர் மனுப் போட்டார். அதே பள்ளத்தாக்கில் அவருக்கு முன்பே பட்டா வாங்கியிருந்த போர்த்தியா என்பவரும் மனுப் போட்டார். வருஷக்கணக்கில் விசாரணை நடந்தது. கடைசியில் தென் பகுதி போர்த்தியா பேருக்கும், ஊற்று இருந்த வட பகுதி, 26 ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர், வார்னர் பேருக்கும் ஆயிற்று. இறுதிப் பட்டா 1880-ல்தான் வந்தது!

கூப்பா மக்கள் மனுப் போடவில்லை.

எப்படிப் போடுவார்கள்? கமிஷன் கூடியது சான் பிரான்சிஸ்கோவில். ஏறக்குறைய 500 மைல். சட்டம் இருந்தது ஆங்கிலத்தில். கெடு ஓடிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷத்தில்தான் அவர்கள் ஊர் எரிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தலைவரைச் சுட்டதும் அப்போதுதான். மீதி இருந்தவர்கள் மலையில் இருந்து திரும்பி வந்து, சாம்பலைக் கூட்டிவிட்டு, மறுபடியும் மண் சுவர் எழுப்பிக்கொண்டு இருந்தார்கள்.

கெடு முடிந்தது. யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. உரிமை போய்விட்டது என்று அவர்களுக்குத் தெரியவும் இல்லை. ஐம்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

கண் தெரியாத கிழவர்

வார்னர் பண்ணைக்குக் குடித்தனமாகத் திரும்பவில்லை. லாஸ் ஏஞ்சல்சிலேயே தங்கினார். 1858-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1860-ல் சட்டசபை உறுப்பினர் ஆனார். பண்ணை கடனிலும் வழக்கிலும் சிக்கி, அவர் கையை விட்டுப் போயிற்று. பட்டா அவர் பேரில் வந்தபோது நிலம் அவரிடம் இல்லை.

பண்ணையின் பெயர் மட்டும் போகவில்லை. 1858 முதல் 1861 வரை, செயின்ட் லூயியில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தபால் வண்டி ஓடியது. சுமார் 2,800 மைல். 25 நாள் பிரயாணம். குதிரை மாற்றும் இடங்களில் ஒன்று வார்னர் பண்ணை. சொந்தக்காரர் மாறிய பிறகும் ஜனங்கள் அதை வார்னர் பண்ணை என்றே சொன்னார்கள். இன்றும் அந்த ஊருக்கு வார்னர் ஸ்பிரிங்ஸ் என்றுதான் பெயர்.

வயது ஏற ஏற, வார்னர் ஊருக்குப் பெரியவர் ஆனார். பழைய காலம் தெரிய வேண்டுமா, நெட்டை ஜானைக் கேள் என்பது லாஸ் ஏஞ்சல்சில் வழக்கம் ஆயிற்று. 1876-ல் வேறு இருவருடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்சின் சரித்திரத்தை எழுதினார். 1883-ல் தென் கலிபோர்னியா சரித்திர சங்கம் ஆரம்பித்தபோது, அவரையே முதல் தலைவர் ஆக்கினார்கள்.

கடைசிக் காலத்தில் கண் பார்வை போய்விட்டது. 1895 ஏப்ரல் 11-ந் தேதி, 87-வது வயதில் இறந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு அப்போது பதில் எழுதப்பட்டுக்கொண்டு இருந்தது. கோர்ட்டில்!

புதிய சொந்தக்காரர்

பண்ணை பல கை மாறி, ஜான் டௌனி என்பவரிடம் வந்தது. 1827-ல் அயர்லாந்தில் பிறந்தவர். பஞ்சம் பிழைக்க வந்த பையன். மருந்துக் கடையில் வேலை பார்த்து, நிலம் வாங்கி விற்று, கலிபோர்னியாவின் கவர்னராகவே ஆனார்.

அந்தச் சமயத்தில் கூப்பா மக்கள் ஒருவாறு தலை நிமிர்ந்து இருந்தார்கள். தோட்டம் போட்டார்கள். ஊற்றை வைத்தும் சம்பாதித்தார்கள். கோடைக் காலத்தில் வெளியூர் நோயாளிகள் வெந்நீரில் குளிக்க வருவார்கள். கிராமத்துக்காரர்கள் தங்கள் வீட்டை அவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, தழைக் குடிசையில் போய் இருப்பார்கள். 1883-ல் அங்கே போன எழுத்தாளர் ஹெலன் ஹன்ட் ஜாக்சன் இதைத் தன் அறிக்கையில் சொல்லி இருக்கிறார். இவர்களைக் காப்பாற்ற ஏற்பாடு செய்யுங்கள் என்றும் அரசாங்கத்துக்கு எழுதினார். அரசாங்கம் அசையவில்லை.

ஊற்றுக்குக் கூட்டம் வருகிறது, பணம் வருகிறது என்றால் பட்டாதாரர் சும்மா இருப்பாரா? டௌனி வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே, 1894-ல் அவர் இறந்துவிட்டார். வாரிசாக வந்த ஹார்வி வழக்கை விடவில்லை.

கிராமத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. 1888-ல் சொபோபா என்ற வேறு கிராமத்தின் வழக்கில், கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு பழங்குடி மக்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி இருந்தது.

இந்த முறை அப்படி நடக்கவில்லை. கலிபோர்னியா கோர்ட்டில் தோற்றார்கள். வாஷிங்டனில் உள்ள சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1901 மே 13-ந் தேதி அங்கேயும் தோற்றார்கள். காரணம்? 1851-ம் வருஷச் சட்டம். இரண்டு வருஷக் கெடு. மனுப் போடவில்லை.

மூன்று நாள் நடை

நாடு முழுவதும் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பலருக்கு மனம் உறுத்தியது. அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியது. ஊற்றை வாங்கி மக்களிடம் கொடுப்பதற்கு அல்ல. மக்களுக்கு வேறு இடம் பார்ப்பதற்கு.

சார்லஸ் லம்மிஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் தலைமையில் கமிஷன் அமைந்தது. அவர் இந்த மக்களிடம் அன்பு உள்ளவர். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களைப் பார்த்தார். பாலா என்ற பள்ளத்தாக்கில் 3,438 ஏக்கரைத் தேர்ந்தெடுத்தார். விலை 46,230 டாலர். நல்ல மண், நல்ல தண்ணீர். ஆனால் வெந்நீர் இல்லை. முன்னோர் சமாதி இல்லை.

போக மாட்டோம் என்று கூப்பா மக்கள் சொன்னார்கள். எந்த இடத்தைக் காட்டினாலும் எங்களுக்கு எங்கள் இடம்தான் வேண்டும் என்றார்கள். யாரும் கேட்கவில்லை.

1903 மே 12-ந் தேதி காலை, வண்டிகள் வந்து நின்றன.

ஜனங்கள் சமாதிகளுக்குப் போய் அழுதார்கள். பிறகு சட்டி பானை, மூட்டை முடிச்சுகளை வண்டியில் ஏற்றினார்கள். முதல் நாளில் சுமார் நூறு பேர் புறப்பட்டார்கள். கிழவர்களும் கைக்குழந்தைகளும் வண்டியில். மற்றவர்கள் நடந்தார்கள். 40 மைல். சென்னையில் இருந்து அரக்கோணம் போகிற தூரம். மூன்று நாள் ஆயிற்று.

பாலாவில் வீடு தயாராக இல்லை. கூடாரத்தில் இருந்தார்கள். பிறகு நியூயார்க்கில் இருந்து பலகை வீடுகள் ரெயிலில் வந்தன. அறுத்து வைத்த பலகையைச் சேர்த்து ஆணி அடித்தால் வீடு. மண் சுவர் வீட்டில் பழகியவர்களுக்கு அது வெயிலில் அனல், குளிரில் பனி. பலகை இடுக்கில் காற்று புகுந்தது.

ஊற்றுக்குப் பணக்காரர்கள் வந்தார்கள். வார்னர் ஊற்று உல்லாச விடுதி ஆயிற்று. நீச்சல் குளம் கட்டினார்கள். பள்ளத்தாக்கின் தண்ணீரை அணை கட்டித் தேக்கினார்கள். 1946-ல் பண்ணையின் பெரும் பகுதி ஒரு நீர்ப்பாசன நிறுவனத்துக்குப் போயிற்று. 1857-ல் கட்டிய பழைய மண் வீடு ஒன்றை 1961-ல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் சின்ன மாதா கோயிலும், கூப்பா மக்களின் மயானமும் இருக்கின்றன.

புறப்பட்டுப் போன குழந்தைகளில் ரோசிந்தா நோலாஸ்கெஸ் என்ற பெண்ணும் ஒருத்தி. அப்போது அவளுக்குப் பத்து, பதினோரு வயது. கிழவியான பிறகு, ஜேன் ஹில் என்ற பேராசிரியை அவளிடம் வந்தார். ரோசிந்தா தனக்குத் தெரிந்த கதைகளை எல்லாம் கூப்பா மொழியில் சொன்னாள். பேராசிரியை எழுதிக்கொண்டார். 1973-ல் அது புத்தகமாக வந்தது. எழுத்தே இல்லாமல் இருந்த மொழி, எழுத்தில் ஏறியது.

1987-ல் ரோசிந்தா இறந்தாள். வயது 94. பிறந்தது முதல் கூப்பா மொழியைப் பேசி வளர்ந்தவர்களில் அவள்தான் கடைசி.

மே மாதம் பிறந்தால் பாலாவில் கூட்டம் கூடும். கூப்பா நாள் என்று அதற்குப் பெயர். பாட்டும் ஆட்டமும் சமையலும் நடக்கும். 1903-ல் நடந்து வந்தவர்களுடைய பேரன் பேத்திகளும், அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள்.